பிள்ளையின் தோள் துணிக்காக நான் பட்ட பாடு

என் மகள் 2024 ஏப்ரல் கடைசியில் பிறந்தாள். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. கணவருக்குக் கத்தாரில் வேலை. பிள்ளை பிறந்த பத்தாம் நாள் லீவு முடிந்து அவர் போய்விட்டார். அம்மா வவுனியாவில். அப்பாவுக்கு வாரம் இரண்டு தரம் டயலிசிஸ், அவரை விட்டுவிட்டு அம்மா வர வழியில்லை. சீசர் காயத்தோடு நானும் பிள்ளையும் மட்டும். அந்த நாட்களில் என்னை அழ வைத்தவை பெரிய விஷயங்கள் இல்லை. ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் பிள்ளை கக்கிய பாலும், அதை ஏந்தித் துடைக்க என் தோளில் போட உருப்படியாக ஒரு தோள் துணி இல்லாததும்தான். ஒரு சின்னத் துணிக்காகப் பல வாரங்களும் 17,100 ரூபாவும் போனது. யாராவது முன்னமே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏவறை எடுப்போமே, ஏப்பம் என்று சொல்வார்கள், அப்போது காற்றோடு கொஞ்சம் பாலும் வெளியே வரும். இரைப்பையின் மேல்வாயை மூடும் தசை பச்சைப் பிள்ளைகளுக்கு இன்னும் இறுகியிருக்காது. அதனால் பெரும்பாலான பிள்ளைகள் கக்கும். நாலு மாதமளவில் கூடுதலாக இருந்து, ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தானாக நின்றுவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாளில் மூன்று தரம் என் சட்டையை மாற்றுகிறேன், பிள்ளையின் கழுத்து எந்நேரமும் ஈரமாக இருக்கிறது, வீடு முழுக்கப் புளித்த பால் மணக்கிறது என்பதுதான்.

முதல் வேலையாகக் கடையில் ஆறு துணி உள்ள ஒரு பொதி வாங்கினேன். 4,200 ரூபா. யானையும் முயலும் போட்ட அழகான துணி, தடவினால் பஞ்சு போல இருந்தது. தோளில் போட்டால் பால் அதில் ஊறவில்லை. தாமரை இலையில் தண்ணீர் போல மேலாலேயே வழிந்து, என் முதுகுக்கும் பிள்ளையின் கழுத்து மடிப்புக்கும் போனது. கிழமை ஒன்றுக்குள் கழுத்து மடிப்பில் தோல் சிவந்து பிய்ந்துவிட்டது. குடும்பநல மாது வீட்டுக்கு வந்த அன்று மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, "ஈரம் நிக்க விடாதீங்கோ, துடைச்சுக் காய விடுங்கோ" என்றார். பிறகு அந்தத் துணியைக் கையில் எடுத்து, தையலுக்குள் மடிந்திருந்த சின்ன லேபிளைத் திருப்பிக் காட்டினார். நூறு வீதம் பொலியெஸ்டர். மிருதுவாக இருக்கும் துணி ஈரத்தை உறிஞ்சும் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு குணம்.

அன்றே அவர் பிள்ளையை நிறுத்து, வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தில் புள்ளி வைத்தார். நிறை நன்றாக ஏறியிருந்தது. நிறை ஏறி, பிள்ளை உற்சாகமாக இருந்தால் கக்குவதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் பச்சை நிறமாக வந்தாலோ, இரத்தம் தெரிந்தாலோ, பீச்சியடிக்கிற மாதிரிச் சத்தி எடுத்தாலோ, நிறை நின்றுபோனாலோ ஒரு மணித்தியாலமும் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். துணியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இதைத்தான் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று கிழமையும் இதைத் தெரியாமல் இரவிரவாக நெஞ்சு பதறினேன்.

சரி, நானே தைப்போம் என்று முடிவெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள், நேராகத் தையல் ஓட்டத் தெரியும். கீழ் மாடியில் இருந்த மாமியிடம் ஒரு பழைய கை மெசின் இருந்தது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஜூன் நடுவில், பிள்ளையை அவரிடமே இரண்டு மணித்தியாலம் விட்டுவிட்டு, புறக்கோட்டைக்குப் போனேன். காயம் இழுக்கும் என்று ரயிலில் போகாமல் ஓட்டோவில் போனேன், போக 700 வர 700. மெயின் வீதி, கெய்சர் வீதி எல்லாம் வழமை போல நெரிசல். கையில் நேரம் இல்லை, மார்பில் பால் கட்டி வலிக்கிறது, மனம் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது கடையில் மஞ்சள் பூப்போட்ட துணி ஒன்று கண்ணில் பட்டது. "நானா, இது கொட்டனா?" என்று கேட்டேன். "கொட்டன் மாதிரித்தான் தங்கச்சி, பிள்ளைக்கு நல்லம்" என்றார். அந்த "மாதிரி" என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். மீற்றர் 850, மூன்று மீற்றர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து நாலு துணி தைத்து, தோளில் போட்டு, பால் வழிந்த பிறகுதான் இதுவும் பொலியெஸ்டர் கலந்தது என்று தெரிந்தது. 2,550 ரூபா. அந்தத் துணி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

வெட்டி எடுத்த மீதித் துண்டில் ஒரு நூலை உருவி, பல்கனியில் நின்று நெருப்பு வைத்துப் பார்த்தேன். கொட்டன் நூல் என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் தொட்டால் பொடிந்துபோகும். இது சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணி போல இறுகி நின்றது. நூல் எடுக்கக் கடைக்காரர் விடமாட்டார் என்று கூச்சப்படாதீர்கள். முதலில் கால் மீற்றர் மட்டும் வாங்குங்கள். அதைக் கழுவிக் காயப்போட்டு, ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். கழுவாமல் பார்க்க வேண்டாம். புதுக் கொட்டனிலும் கஞ்சி ஏற்றியிருப்பார்கள், அதில் தண்ணீர் முதலில் நிற்கத்தான் செய்யும். கழுவிய துணியில் விட்ட துளி கண்ணெதிரே பரந்து மறைந்தால் அந்தத் துணி உங்களுக்கு வேலை செய்யும். முத்துப் போல நின்றால் அதன் பூவையும் விலையையும் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் தரம் கவனமாகப் போனேன். அசல் கொட்டன் இரண்டு மீற்றர், மீற்றர் 700. உள்ளே வைக்க என்று துவாய்த் துணி ஒரு மீற்றர் 1,900. இணையத்தில் பார்த்த முறைகள் எல்லாம் மூன்று அடுக்காகத் தைக்கச் சொன்னதால் அப்படி யோசித்தேன். ஆனால் தைக்கிற அவசரத்தில் துணியைக் கழுவாமல் வெட்டிவிட்டேன். ஒரு கிழமையாகப் பிள்ளை பழைய பனியன் துண்டுகளில் கக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. மூன்று அடுக்கையும் மெல்லிய துணிக்குப் போடும் 11 நம்பர் ஊசியால் ஓட்டினேன். இரண்டாவது துணியின் மூலையில் தையல் ஏறவில்லை. மெசின் கையைப் பிடித்துப் பலமாகச் சுற்றினேன். டக்கென்று ஊசி முறிந்தது, கீழே நூல் பந்தாகச் சுற்றி, அடிநூல் சுற்றியிருக்கும் பொபின் இறுகிப்போனது. துவாய்த் துணியை வெட்டினால் அதன் வளையங்கள் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பஞ்சு முழுக்க பொபின் பெட்டிக்குள் அடைந்திருந்தது. மாமியின் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த மெசின் அது. அவரிடம் போய்ச் சொல்லும்போது வாய் வரவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. மெசின் பழுதுபார்ப்பவர் உள்ளே கொக்கி வளைந்துவிட்டது என்று மாற்றிப் போட 3,500 ரூபா எடுத்தார், ஒன்பது நாள் சென்றது.

இதில் நான் படித்தது இவ்வளவு. மெல்லிய கொட்டன் இரண்டு அடுக்குக்கு 11 அல்லது 12 நம்பர் ஊசி போதும். துவாய்த் துணி சேர்ந்தால் 14 நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். தடித்த மூலையில் கையால் மெதுவாக ஒவ்வொரு குத்தாக இறக்க வேண்டும். இறுகினால் பலம் கொடுக்கக் கூடாது, நூலை வெட்டித் துணியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இரண்டு துணிக்கும் ஒரு தரம் பொபின் பெட்டியைத் திறந்து பழைய பல் தூரிகையால் பஞ்சைத் தட்டிவிட வேண்டும். ஊசி முறிந்தால் இரண்டு துண்டும் கைக்கு வரும்வரை அந்தத் துணியைப் பிள்ளைக்கு அருகில் கொண்டு போகவே கூடாது.

மெசின் திரும்பி வந்ததும் ஆறு துணி தைத்து முடித்தேன். முதல் கழுவலிலேயே அவை அப்பளம் பொரித்தது போல வளைந்து நெளிந்தன. கொட்டன் ஒரு அளவுக்குச் சுருங்கியது, துவாய்த் துணி வேறு அளவுக்குச் சுருங்கியது. கழுவி வெட்டியிருந்தால் இது வந்திருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை மழை. அந்த வருடம் ஜூன் பிறந்ததிலிருந்து கொழும்பில் மழை ஓயவில்லை. கடற்காற்றில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு. மூன்று அடுக்குத் துணி பல்கனிக் கொடியில் இரண்டு நாள் தொங்கியும் நடு அடுக்கு காயவில்லை. வெளியே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், மூக்கில் வைத்தால் புளித்த மணம். குளிர் நாட்டில், வீட்டுக்குள் சூடு போட்டு, மெசினில் துணி காய வைப்பவர்கள் எழுதிய முறை அது. தென்மேற்குப் பருவமழைக்கு நடுவே வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கு அது எப்படிச் சரிவரும்? எங்கள் ஊர்க் காற்றுக்குத் துணி எவ்வளவு தடிப்பு என்பதைவிட எவ்வளவு கெதியாகக் காயும் என்பதுதான் முக்கியம். மெல்லிய இரண்டு அடுக்கு, அதற்கு மேல் வேண்டாம். கூடக் கக்குகிற பிள்ளை என்றால் துணியைத் தடிப்பாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இனிச் சொல்லப்போவதை நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது. ஒரு இரவு இரண்டு மணி இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டு, புதிதாக இரண்டு அடுக்கில் தைத்த ஆறு துணியில், அன்று மாலை முடித்த ஒன்றைத் தோளில் போட்டேன். அவளைத் தூக்கித் தோளில் சாய்ப்பதற்கு முன், களைப்பில் என் கன்னத்தைத்தான் முதலில் அதில் சாய்த்தேன். சுருக்கென்று குத்தியது. லைட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு குண்டூசி. துணியை உட்புறம் வெளியாகத் திருப்பும்போது எடுக்க மறந்த ஊசி அது. அதன் நுனி ஒரு நெல்மணி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளையின் கண் வந்து படுகிற இடம். அவளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தபடியே விடியும்வரை அழுதேன். விடிந்ததும் மீதி ஐந்து துணியையும் தையல் பிரித்துப் பார்த்தேன். வேறு ஊசி இல்லை. ஆனாலும் அந்த ஆறையும் பிறகு நான் பாவிக்கவில்லை.

அதற்குப் பிறகு குண்டூசியைத் தொடவில்லை. கை ஊசியால், கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு நூலில், நீட்டு நீட்டாக நூலோட்டிவிட்டுத் தைத்தேன். முடிந்ததும் சிவப்பு நூலை உருவிவிடலாம். உடுப்புக் காயப்போடும் சின்ன கிளிப்பும் நன்றாகப் பிடிக்கும். குண்டூசிதான் வேண்டும் என்றால் பத்தை எண்ணி எடுங்கள், ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், எழும்பும்போது பத்து இருக்க வேண்டும். ஒன்பது இருந்தால் அன்றைய வேலை அந்த ஒன்றைத் தேடுவதுதான். நித்திரை கெட்ட தாய் இரவில் தைக்கவே கூடாது என்பது என் எண்ணம். பகலில் அரை மணித்தியாலம் கிடைத்தால் அது போதும்.

அம்மாவிடம் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவோடு அவர் படுகிற பாடே போதும், நான் சமாளிக்கிறேன் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம். குண்டூசி இரவுக்கு அடுத்த நாள் போனில் வாய்விட்டு அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "ஏன் பிள்ளை இவ்வளவு பாடுபடுறாய்? அப்பான்ர பழைய வேட்டி இருக்கெல்லே. பச்சைப் பிள்ளைக்குப் பழந்துணிதானே போடுறது" என்றார். அடுத்த நாள் விடிய, இரவு பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பார்சல் காலி வீதியில் என் கைக்கு வந்தது. தோய்த்துத் தோய்த்து நூல் மெலிந்த இரண்டு நாலுமுழ வேட்டி, ஒரு நூல் சேலை. பார்சலைப் பிரித்தவுடன் வீட்டுச் சவர்க்கார மணம். வேட்டியில் ஒரு துளி தண்ணீர் விட்டேன். விழுந்த இடம் தெரியவில்லை. புதுத் துணிக்கு நாங்கள் பத்துத் தரம் கழுவித் தேடுகிற குணம், இருபது வருடம் தோய்த்த துணியில் தானாக இருக்கிறது.

அளவும் அம்மா சொன்னதுதான். ஒரு முழ நீளம், ஒரு சாணும் நாலு விரலும் அகலம். அங்குலத்தில் ஏறத்தாழ 18க்கு 12. நாலுமுழ வேட்டியில் நீளவாக்கில் நாலு, அகலவாக்கில் நாலு, மொத்தம் பதினாறு துண்டு. இரண்டு இரண்டாகச் சேர்த்தால் எட்டுத் துணி. சரிகைக் கரையையும் நைந்த இடத்தையும் வெட்டி நீக்குங்கள், சரிகை பிள்ளையின் முகத்தை அராவும். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே இருக்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீற்றர் உள்ளே சுற்றித் தையுங்கள். நீளப் பக்கத்தின் நடுவில் நாலு விரல் நுழைகிற அளவுக்கு வாய் விட வேண்டும், அந்த வாயின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னும் தைத்து இறுக்க வேண்டும். மூலைகளைத் தையலில் படாமல் குறுக்காக வெட்டினால் திருப்பும்போது மூலை தடிக்காது. வாய் வழியாகத் திருப்பி, ஐஸ்கிறீம் குச்சியால் மூலையைத் தள்ளிவிட்டு, அயர்ன் பண்ணி, விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் சுற்றிவர இன்னொரு தையல் போடுங்கள். வாயும் அதிலேயே மூடிவிடும். கடைசியாக நடுவால் நீளத்துக்கு ஒரு தையல், அது இல்லாவிட்டால் கழுவும்போது இரண்டு அடுக்கும் ஒன்றை விட்டு ஒன்று விலகும். பொத்தான், லேஸ், ஒட்டுப் பூ ஒன்றும் வேண்டாம். பழகிய பிறகு ஒரு துணிக்கு எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. நைந்த இடம் போக இரண்டு வேட்டியிலும் பதினாலு துணி வந்தது. செலவு நூல்தான்.

பழைய துணி இல்லாதவர்கள் புது வெள்ளைக் கொட்டன் வாங்கலாம். 45 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றருக்கு நாலு துணி வரும், அகலம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வெட்ட முன் சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவி வெயிலில் காய வையுங்கள். கடும் சிவப்பு, கடும் நீலத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் பிள்ளைக்குப் போட வேண்டாம்.

கழுவுவதிலும் ஒரு பிழை விட்டேன். வாசமாக இருக்கட்டும் என்று துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றினேன். மூன்று நாளில் வேட்டித் துணியிலும் பால் வழியத் தொடங்கியது. அந்தத் திரவம் நூலின் மேல் ஒரு படலம் போலப் படியும், படிந்தால் துணி குடிக்காது. அதை நிறுத்தி, சுடுதண்ணீரிலும் சாதாரண சவர்க்காரத்திலும் நாலைந்து தரம் கழுவிய பிறகுதான் பழைய குணம் வந்தது. பால் பட்ட துணியைக் கூடைக்குள் எறியாமல் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிப் போடுங்கள், மணம் பிடிக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை படுத்திருக்கும்போது கக்கினால் நனையக் கூடாது என்று அவள் தலைக்குக் கீழே ஒரு துணியை விரித்து வைத்திருந்தேன். குடும்பநல மாது கண்டவுடன் எடுக்கச் சொன்னார். நித்திரையில் துணி சுருண்டு மூக்கை மூடலாம். தோள் துணி நாங்கள் விழித்திருந்து கையில் தூக்கி வைத்திருக்கிற நேரத்துக்கு மட்டும்தான். தொட்டிலில் எந்தத் துணியும் தளர்வாகக் கிடக்கக் கூடாது.

மகள் ஒரு வயது முடிகிற நேரத்தில் கக்குவதை நிறுத்திவிட்டாள். அப்பா போன மாசியில் காலமானார். அவருடைய வேட்டித் துணிகளில் இரண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன், மற்றவை நைந்து போய்விட்டன. போன கிழமை எங்கள் மாடியில் ஒரு இளம் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்கும் இங்கே ஒருவரும் இல்லை. அம்மாவின் நூல் சேலையை வெட்டி அவளுக்குப் பன்னிரண்டு துணி தைத்தேன். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் என் கன்னத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன்.